‘தவறி விழுந்து’ என்று எழுத வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் அருப்புக்கோட்டைப் பக்கத்தில் கட்டட மேஸ்திரி. 31 வருடமாக இதே தொழில்தான். செங்கல் எடுத்துக் கொடுக்கிற பையனாக வந்து, கையாளாகி, கொத்தனாராகி, இப்போது ஏழெட்டுப் பேரை வைத்து வீடு கட்டிக்கொடுக்கிறேன். காலையில் டீக்கடையில் உங்கள் நாளிதழை எடுத்தால் முதலில் புரட்டுவது மாவட்டச் செய்திப் பக்கத்தைத்தான். அந்தப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

‘சாரத்தில் நின்று வேலை பார்த்த கட்டடத் தொழிலாளி தவறி விழுந்து பலியானார்.’

இந்தத் ‘தவறி’ என்ற சொல்லை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. 2011 ஐப்பசியில் என் தங்கை வீட்டுக்காரர் இறந்தபோதும் ஒரு பத்திரிகையில் இப்படித்தான் மூன்று வரி வந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, தங்கை அந்தத் துண்டுச் செய்தியை என் கையில் கொடுத்து, “அண்ணே, அவரு எங்கண்ணே தவறுனாரு?” என்று கேட்டாள். அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அவர் தவறவில்லை. சாரம் இறங்கியது. அது நான் கட்டவைத்த சாரம், என் கயிறு.

மாடி வீடு, வெளிப்பூச்சு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் விடாமல் மழை. நான்காம் நாள் பளீரென்று வெயில் அடித்ததும், நின்ற வேலையை முடித்துவிடலாம் என்று ஆள் ஏற்றினேன். தேங்காய்நார்க் கயிறு நனைந்தால் இறுகும், காய்ந்தால் தளரும். இது எனக்குத் தெரியாததல்ல. மழைக்குப் பிறகு ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துக் கட்டிவிட்டுத்தான் ஆள் ஏற வேண்டும் என்று என் குருநாதர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அதற்கு ஒரு ஆளுக்கு அரைநாள் ஆகும். அந்த அரைநாள் கூலியை நான் மிச்சம் பிடித்தேன். அந்தக் கயிறும் புதிதல்ல, மூன்றாவது வீட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பதினொரு மணி இருக்கும். கீழே நின்று கலவையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘சர்ர்’ என்று கம்பு கம்பில் உரசுகிற சத்தம். நிமிர்ந்து பார்ப்பதற்குள் குறுக்குக் கம்பு ஒரு பக்கம் அரையடி இறங்கி, பலகை சாய்ந்து, மாப்பிள்ளை செங்கல் அடுக்கின் மேல் கிடந்தார். பதினெட்டு அடி உயரம் இருக்கும். கரண்டி கையிலேயே இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. மேலே சுவரில், அவர் மட்டக்கோல் வைத்து இழுத்த சாந்து பாதியில் நின்று அப்படியே காய்ந்திருந்தது. அந்த இடத்தைக் கொத்திவிட்டு மறுபடி பூசும்போது எந்தக் கொத்தனாரும் முன்வராமல், கடைசியில் நானே பூசினேன்.

அந்தக் கயிற்றை ஏன் மாற்றவில்லை என்று என்னையே நான் கேட்டுப் பார்க்காத நாள் இல்லை. ரேட் பேசும்போது ஓனர் சதுர அடிக்கு 15 ரூபாய் குறைத்தார். நான் ஒத்துக்கொள்ளாவிட்டால் வேறு மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆனால் சிமென்டில் குறைக்க முடியாது, கம்பியில் குறைக்க முடியாது, கொத்தனார் கூலியில் கை வைத்தால் மறுநாள் ஆள் வராது. கேட்க ஆளில்லாமல் குறைக்க முடிந்தது சாரம் ஒன்றுதான். வேலை முடிந்ததும் பிரித்துவிடுகிற பொருள்தானே, வீட்டில் நிற்கப்போகிறதா என்ன என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் மாப்பிள்ளை விழுந்தது அந்த ஐப்பசியில் அல்ல, ரேட் பேசிய ஆவணியிலேயே என்றுதான் இன்று வரைக்கும் எனக்குப் படுகிறது.

மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28-ஆம் தேதி பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது நாடே பார்த்தது. விசாரணை ஆணையம் அமைத்தார்கள், பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016-ல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அதெல்லாம் நடக்கத்தான் வேண்டும். ஆனால் ஒவ்வொருவராகச் சாகிற எங்கள் ஆட்களுக்கு ஆணையம் கிடையாது. கட்டடத் தொழிலாளர்களுக்கென்று 1996-ல் வந்த மத்தியச் சட்டமே பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் என்று இருந்தது. நான் கட்டுகிற வீட்டில் ஆறு பேர், ஏழு பேர்தான் இருப்போம். வரைபட அனுமதி வாங்கும்போது கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்கு கட்டுமானச் செலவில் 1 சதவீதம் வாங்கிக்கொள்கிறார்கள். என் 31 வருடத்தில் சாரத்தை ஆட்டிப் பார்க்க ஒரு அதிகாரி வந்ததில்லை. கட்டடம் வரைபடத்தைத் தாண்டி அரையடி வெளியே வந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் டேப்போடு வந்திருக்கிறார்கள்.

ஆகவே, எங்கள் அளவில் பாதுகாப்பு என்பது ரேட் பேசுகிற அந்த அரைமணி நேரத்தில்தான் இருக்கிறது. வீடு கட்டப்போகிற உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: சதுர அடி ரேட்டுக்குள் சாரத்தைச் சேர்க்காதீர்கள். அதைத் தனியாக எழுதச் சொல்லுங்கள். ஒப்பந்தத் தாளில் கடைக்கால், சுவர், கான்கிரீட், பூச்சு என்று எழுதும்போது, ‘சாரம், பெல்ட், ஹெல்மெட், மின் பாதுகாப்பு’ என்று ஒரு வரி, அதற்கு நேராக ஒரு தொகை. அந்தத் தொகையில் பேரம் பேசாதீர்கள். கொடுத்த காசுக்குப் பொருள் வந்திருக்கிறதா என்று நீங்களே வந்து பாருங்கள்.

மாப்பிள்ளை போன பிறகு நான் அப்படித்தான் எழுதுகிறேன். 1,200 சதுர அடி வீட்டுக்கு, சதுர அடிக்குப் பத்து ரூபாய் வீதம் 12,000 ரூபாய். இரும்புச் சாரம் வாடகைக்கு எடுக்கவும், இடுப்பு உயரத்தில் தடுப்புக் கம்பி கட்டவும், நாலு பேருக்கு உடம்பு முழுக்க மாட்டுகிற பெல்ட் வாங்கவும் என் அனுபவத்தில் இது போதுகிறது. பெல்ட் ஒருமுறை வாங்கினால் அடுத்த வீட்டுக்கும் வரும். 25 லட்சம் போட்டு வீடு கட்டுகிறவருக்கு 12,000 என்பது நூற்றுக்கு அரை ரூபாய்கூட இல்லை. தலைவாசல் கதவுக்கு மட்டும் தேக்கில் இதைவிட எவ்வளவோ அதிகம் செலவழிக்கிறார்கள். முதலில் சில ஓனர்கள் முகம் சுளித்தார்கள், இரண்டு வேலை கைவிட்டுப் போனது. ஆனால் விவரம் சொன்னால் பெரும்பாலானவர்கள் கேட்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

பெல்ட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போட்டோ எடுக்கிறார்கள் என்றால் எல்லோரும் பெல்ட் மாட்டிக்கொள்கிறார்கள், கொக்கியை மட்டும் எதிலும் மாட்டுவதில்லை. இல்லாவிட்டால் தான் நிற்கிற அதே சாரக் கம்பில் மாட்டுகிறார்கள். சாரம் சாய்ந்தால் ஆளும் கூடவே சாய வேண்டியதுதான். கொக்கி தலைக்கு மேலே, கட்டடத்திலேயே அசையாத ஒன்றில் இருக்க வேண்டும். நான் மேல்தளத் தூணின் கம்பியில் தனியாக ஒரு கயிறு கட்டி இறக்கிவிடுகிறேன். அது மழையில் மட்கிப்போகாத நைலான் கயிறு.

‘மின் பாதுகாப்பு’ என்று எழுதினேனே, அதுவும் சொல்லில் மட்டும் இருக்கக் கூடாது. பாதி சைட்டுகளில் கட்டிங் மெஷினுக்குப் பிளக் இருக்காது. ஒயர் நுனியை உரித்து பிளக் ஓட்டைக்குள் சொருகி, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியை வைத்து அடைத்திருப்பார்கள். காலடியில் தண்ணீர். கரண்டு கசிந்தால் உடனே அணைந்துவிடுகிற பிரேக்கர் ஒன்றைத் தற்காலிக இணைப்புப் பெட்டியிலேயே மாட்டிவிடலாம், பெரிய செலவில்லை. தெருவில் மின்கம்பி போகிறதென்றால் கான்கிரீட்டுக்குப் போடுகிற 40 அடி இரும்புக் கம்பியை நிமிர்த்தித் தூக்கவே விடக் கூடாது. கீழேயே வெட்டி ஏற்ற வேண்டும்.

அப்புறம், தண்ணீர்த் தொட்டி. இது பலருக்குத் தெரியாது. புதிதாகக் கட்டிய தரைக்கீழ்த் தொட்டி, செப்டிக் டேங்க் ஆகியவற்றின் மூடியைப் போட்டு, உள்ளே கான்கிரீட்டைத் தாங்கக் கொடுத்த சென்ட்ரிங் பலகையோடு இருபது நாள் விட்டுவிடுவோம். ஈரப் பலகை ஊறி மட்கி, உள்ளே மூச்சுக்குக் காற்றே இல்லாமல் போயிருக்கும். புதுத் தொட்டிதானே, சாக்கடையா என்ன என்று நினைத்து, பலகை பிரிக்க ஒரு ஆள் இறங்குவான். சத்தமே வராது. என்ன ஆச்சு என்று பார்க்க அடுத்தவன் இறங்குவான். அவனும் வர மாட்டான். முதல் நாளே மூடியைத் திறந்து போட வேண்டும், ஊதுகிற மெஷின் வைத்துக் காற்றை மாற்ற வேண்டும், இறங்குகிறவன் உடம்பில் பெல்ட்டும் கயிறும் இருக்க வேண்டும், கயிற்றின் மறுநுனி மேலே இரண்டு பேர் கையில் இருக்க வேண்டும். மேலே நிற்பவர்கள் எக்காரணம் கொண்டும் உள்ளே இறங்கக் கூடாது, கயிற்றை இழுக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஆட்கள் மேலும் தப்பு உண்டு, மறைக்கவில்லை. முதல்நாள் குடித்துவிட்டு கை நடுங்க வருகிறவனை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஆனால் விழுந்தவனை எல்லாம் ‘குடித்திருப்பான்’ என்று சொல்லி முடிப்பது பெரிய பாவம். என் மாப்பிள்ளை வெற்றிலைகூடப் போடாதவர். அவரைப் பற்றியும் அப்படிச் சொன்னார்கள்.

சித்தாள் பெண்களைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. சித்திரை வெயிலில் சாந்துச் சட்டி சுமக்கிறவர்கள் மத்தியானம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள். குடித்தால் எங்கே ஒதுங்குவது? வீட்டின் குளியலறைக்கு அவர்கள்தான் மணல் சுமந்தார்கள், டைல்ஸ் ஒட்டியதும் அவர்களுக்கே பூட்டிவிடுகிறார்கள். 2024-ல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நான் பங்குனி, சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்கே வேலை தொடங்கி பதினொன்றரைக்கு நிறுத்துகிறேன், மூன்றரைக்கு மேல் மறுபடி. அதோடு கடைக்கால் தோண்டும் முன்பே, தகரம் அடித்து ஒரு கழிவறை. இதைச் செய்த பிறகுதான் என் சித்தாள்கள் தண்ணீர்ப் பானையிடம் போகிறார்கள்.

மாப்பிள்ளை நலவாரியத்தில் பதிந்திருக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தார். தங்கைக்கு அந்த வழியில் ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது என்னிடம் வேலைக்கு வருகிற ஆளிடம் முதலில் அட்டையைத்தான் கேட்கிறேன். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பதையே பாதிப் பேர் மறந்துவிடுகிறார்கள். தங்கை மகன் இப்போது கணினி மையம் வைத்திருக்கிறான், எங்கள் ஆட்களுக்கு அவன்தான் இலவசமாகப் பதிந்து கொடுக்கிறான்.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை இப்படி ஒரு செய்தி வரும்போது ‘தவறி’ என்ற சொல்லை எடுத்துவிட்டு, ‘சாரம் சரிந்து’, ‘கயிறு அறுந்து’, ‘தடுப்பு இல்லாததால்’ என்று நடந்ததை எழுதுங்கள். இறந்தவன் பிள்ளைகள் பிற்பாடு அதைப் படிப்பார்கள். நடந்தது தெரிய வேண்டுமென்றால் உங்கள் நிருபரை அன்றைக்கே அந்த இடத்துக்கு அனுப்புங்கள். மறுநாள் சாரத்தைப் பிரித்துவிடுவோம். அன்றைக்கு மட்டும் கயிறு அங்கேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு கட்டட மேஸ்திரி,
விருதுநகர் மாவட்டம்