நொய்யல் கரைக்கு வந்த எல்லாருக்கும் நன்றிங்க

வணக்கமுங்க.

ஐப்பசி மழையில் நொய்யல் ஏறி, திருப்பூரில் ஆற்றை ஒட்டிய குடிசைகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது ஓடி வந்த எல்லோருக்கும் இந்த மடல். வீடு வீடாக வந்து சொல்ல வேண்டியது. முடியவில்லை, மன்னிச்சுக்குங்க.

முதல் நன்றி அந்தக் கரையிலேயே குடியிருக்கும் அக்காவுக்கு. வீட்டிலிருந்தே, தைத்த பனியன் துணியில் நூல் பிசிறு வெட்டிப் பிழைக்கிறவர். எந்தக் குடிசையில் கைக்குழந்தை, யாருக்கு அடுப்பு போச்சு, ஒடிசா பசங்க எங்கே ஒண்டியிருக்காங்க, எல்லாம் அவருக்கு மனப்பாடம். "நோட்டை மூடி வைங்க கண்ணு, எம் பின்னாடி வாங்க" என்று முன்னால் நடந்தார்.

அவர் வீடு தகரமும் பழைய பிளெக்ஸும்தான். உள்ளே முழங்காலுக்குச் சேறு. கட்டில்மேல் செங்கல் அடுக்கி, அதன்மேல் கம்பெனி துணி மூட்டையை ஏற்றி வைத்திருந்தார். நனைந்தால் கூலியில் பிடித்தமாம். ரேஷன் அரிசி கீழே ஊறிக் கிடந்தது. நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் எங்க ஊரிலிருந்துதான் என்று பெருமை பேசுகிறோமே, அந்தச் சரக்கு இப்படியும் கரை சேருகிறது.

டெம்போ அண்ணா வாடகை வாங்கவில்லை, டீசலுக்கு மட்டும் என்றார். பனியன் கம்பெனி முதலாளி ஒருத்தர், "செகண்ட்ஸ் தர மாட்டேனுங்க, நல்ல சரக்கே எடுத்துட்டுப் போங்க" என்றார். பேர் போடக் கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போர்வை சேர்த்த எங்க குடியிருப்புப் பெண்களுக்கும் நன்றி. கிழிந்ததைத் தனியாகப் பிரித்து, மீதியைத் துவைத்துக் கொடுத்தார்கள் பாருங்க, அதுதான் உதவி.

குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள்கூட வருவதில்லை என்று நானும் புலம்பிக்கொண்டிருந்தவள்தான். சம்ப் நிறையும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அக்காவுக்கோ தண்ணீர் வரும் அன்றைக்கு வேலை கெடும். இருக்கிற குடம் நிறைந்தால் அவ்வளவுதான். எனக்குச் சம்ப் இருப்பது என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை, அமைந்தது. இப்போதெல்லாம் மோட்டார் போடும்போது அந்தக் குடங்கள் ஞாபகம் வருகின்றன, புலம்பல் வாய் வரை வருவதில்லை.

நீங்க எல்லாரும் கொடுத்ததில் மீதிப் பணத்துக்குக் கோரைப்பாய் வாங்கிக் கொடுத்தாச்சு. கணக்கு நோட்டு எங்க வீட்டில் இருக்கு, யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம்.

அப்புறம் மெஸ் அக்கா, சோறு ஆறக் கூடாதென்று நீங்கள் கட்டிக் கொடுத்த ரெண்டு பெரிய போசியும் இன்னும் எங்கிட்டதான் இருக்குங்க. ஞாயிற்றுக்கிழமை கொண்டாந்து தர்றேன்.