கிரயமா, குத்தகையா?

பாப்பாவுக்கு,

நீ எடுத்து அனுப்பிய பேய்ப்படத்தை நேற்று ராத்திரி பார்த்தோம். அம்மா, நான், எதிர்வீட்டுச் சித்தி, அவள் பேரன் நான்கு பேரும்தான். லேப்டாப்பைத் திண்ணையில் வைத்து, விளக்கை அணைத்துவிட்டோம். நான் படத்தைப் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டூரிங் டாக்கீஸில் இருபது வருஷம் ஆபரேட்டராக இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கொள்ளிவாய்ப் பிசாசு வருகிற இடத்தில் அந்த கம்ப்யூட்டர் நெருப்பைப் பார்த்ததும் பையன் சிரித்துவிட்டான். ஆனால் அதற்கு முன்னால், அந்தப் பெண் வரப்பில் நடக்கும்போது தவளைச் சத்தம் சட்டென்று நிற்கிறதே, அங்கே சித்தி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ராத்திரி தண்ணீர் கட்டப் போகிற எல்லாருக்கும் தெரியும், ஆள் நடந்தால் அந்தப் பக்கத்துத் தவளைகள் வாயை மூடிக்கொள்ளும். ஆள் அசையாமல் நின்றால் கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பவும் ஆரம்பிக்கும். உன் கதாநாயகி நின்ற பிறகும் சத்தம் வரவில்லை. அப்படியென்றால் வேறு யாரோ நடக்கிறார்கள்! எனக்கே முதுகு சில்லிட்டது. அங்கே போய் வயலினை எதற்கம்மா கொண்டுவந்து இழுத்தாய்? அதை எடுத்துவிடு.

எங்கள் கொட்டகையில் ஒரே ஒரு புரொஜெக்டர். ரீல் முடிந்தால் படத்தை நிறுத்தி, விளக்கைப் போட்டு, அடுத்த ரீலை மாட்ட வேண்டும். ஒருநாள் பேய்ப்படம் ஓடும்போது விளக்குப் போடுகிற பையன் தூங்கிவிட்டான். திரையும் இருட்டு, கொட்டகையும் இருட்டு. வெளியே ஜெனரேட்டர் சத்தம் மட்டும். தரை டிக்கெட்டில் மணலில் உட்கார்ந்திருந்த ஒருவர் காலை ஒரு நாய் உரசிக்கொண்டு போயிருக்கிறது, அவ்வளவுதான். அவர் அலறிய அலறலில் கொட்டகையில் பாதி எழுந்து ஓடியது. அந்தப் படத்தில் வந்த பேயை இன்றைக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. நாயை எல்லாரும் சொல்வார்கள்.

பணம் இல்லை என்று போனில் வருத்தப்பட்டாயே, அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். நீ சொல்லித்தானே தெரியும், ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’ என்ற அமெரிக்கப் பேய்ப்படத்தை எடுத்தவர் தன் வீட்டிலேயே, படுக்கையறையில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, சுமார் 15,000 டாலரில் எடுத்து முடித்தார் என்று. அசையாத படம் என்றால் எது அசையப்போகிறது என்று பார்க்கிறவனே தேடித் தேடிப் பயப்படுவான். அதற்குச் செலவு கிடையாது.

சரி, உன் படத்தை வாங்குகிறவர்கள் கொடுத்த ஒப்பந்தத்துக்கு வருகிறேன். அதை இரண்டு முறை படித்தேன், புரியாத இடத்தை வக்கீலிடம் கேட்டேன். ‘உலகம் முழுவதும், என்றென்றைக்கும், இனி வரப்போகும் எல்லா ஊடகங்களிலும்’ என்று ஒரு வரி இருக்கிறது. இரண்டாம் பாகம், டப்பிங், ரீமேக் எல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது. இது குத்தகை இல்லை பாப்பா, கிரயம். தாத்தா அவசரத்துக்கு மூன்று மா நிலத்தைக் கிரயம் பண்ணினார். பணம் அடுத்த தைக்குள் தீர்ந்துவிட்டது. அந்த நிலத்தில் வாங்கினவர்கள் இன்னும் அறுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில், எத்தனை வருஷம் என்று எழுதாமல் விட்டால் 5 வருஷம் என்றுதான் எடுத்துக்கொள்வார்களாம். எந்தெந்த ஊர் என்று எழுதாவிட்டால் இந்தியா மட்டும். அதனால்தான் அவர்கள் ‘என்றென்றைக்கும்’ என்று மெனக்கெட்டு எழுதுகிறார்கள். வருஷத்தைப் போடச் சொல். ஓடிடி தனி, சாட்டிலைட் தனி, இந்தி டப்பிங் தனி என்று பிரித்துக் கேள். இரண்டாம் பாகத்தை மட்டும் கொடுக்கவே கொடுக்காதே. பேய்ப்படத்துக்கு அதுதான் விதைநெல்.

அமெரிக்காவில் ரொமேரோவும் கூட்டாளிகளும் 1968-இல் எடுத்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ என்ற பேய்ப்படத்தின் கதி உனக்குத் தெரிந்திருக்கும். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றும்போது, டைட்டிலில் இருந்த காப்புரிமை வரியும் சேர்ந்து போய்விட்டது. அப்போது அங்கே அந்த வரி இல்லாவிட்டால் உரிமையே இல்லை. யார் வேண்டுமானாலும் பிரிண்ட் போட்டு ஓட்டினார்கள், எடுத்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் காலத்தில் ‘படப்பெட்டி வந்துவிட்டதா’ என்பது மட்டும்தான் கவலை. இப்போது பெட்டியே இல்லை, வெறும் தாள்தான். அந்தத் தாளையாவது ஒழுங்காகப் படி.

இன்னொன்று. அந்தக் கழுத்தறுக்கும் காட்சியைக் கொஞ்சம் யோசி. ‘ஏ’ சான்றிதழ் வந்துவிட்டால் டிவிக்கு விற்க முடியாது என்று நீதானே சொன்னாய்? எப்படியும் அதில் சித்தி பயப்படவில்லை. அந்த நேரத்தில் அவள் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தாள்.

அம்மா வளையலைப் பற்றி ஒன்றும் கேட்க வேண்டாம் என்று சொன்னாள். அதனால் நானும் எழுதவில்லை.

மறுபடி எடுக்க வேண்டிய வரப்புக் காட்சிக்கு இப்போது வராதே, வயல் வெடித்துக் கிடக்கிறது. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் நம் கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேர நாளாகும். வாய்க்கால் நிறைந்ததும் போன் பண்ணுகிறேன். மைக்கை மட்டும் நல்லதாக வாடகைக்கு எடுத்துக்கொண்டு வா. வரப்பில் நான் நடக்கிறேன், நீ தவளையைப் பதிவு செய்.

அன்புடன்,
அப்பா