இடது பக்கத்தையும் அளந்து பார்

அன்புள்ள செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். உன் ஹோம் தியேட்டரை எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய மூன்று போட்டோக்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன்.

முதல் வேலையாக ஸ்பீக்கர்களை எல்லாம் ஓட்டுகிற அந்த டெனான் ரிசீவரை ஷோகேஸின் கீழ்த்தட்டிலிருந்து வெளியே எடு. மேலே நாலு விரல் இடம்கூட இல்லை. ஒரு சாணாவது இடைவெளி வேண்டும், பின்பக்கம் திறந்திருக்க வேண்டும். போதாததற்கு செட்டாப் பாக்ஸை வேறு அதன் தலையில் ஏற்றி வைத்திருக்கிறாய். சூடு வெளியேறுவதே மேல்மூடியில் இருக்கும் அந்தச் சல்லடை வழியாகத்தான். படம் பாதியில் திடீரென்று அணைந்துபோகிறது என்றாயே, டெனானில் அந்தச் சின்ன விளக்கைக் கவனி. சிவப்பில் மெதுவாக, ரெண்டு வினாடிக்கு ஒரு தரம் சிமிட்டினால் உள்ளே சூடு ஏறிவிட்டது. அவசர அவசரமாக, வினாடிக்கு ரெண்டு தரம் சிமிட்டினால் பெரும்பாலும் ஸ்பீக்கர் வயர் எங்கேயோ உரசுகிறது. எனக்கென்னவோ உன் வீட்டில் ரெண்டுமே இருக்கும் போலிருக்கிறது. பின்பக்கப் போட்டோவில் இடது ஸ்பீக்கர் முனையில் ஒரு செம்பு இழை மயிர் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பக்கத்து முனையைத் தொட அதற்கு ஒரு நூல் தூரம்தான் பாக்கி. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, வயரைப் புதிதாகப் பத்து மில்லிமீட்டர் மட்டும் உரித்து, நன்றாக முறுக்கி உள்ளே விட்டு இறுக்கு. பனானா பிளக் போட்டால் இன்னும் நிம்மதி.

மற்றபடி உன் வயரிங் சுத்தம். ஒவ்வொன்றுக்கும் லேபிள் ஒட்டியிருக்கிறாய். அம்மாவிடம் காட்டினேன். கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்து ஈயம் வைத்து வயர் பற்ற வைத்த பிள்ளைதானே என்றாள். மூன்று வாரமாகத் தன்னிடம் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

பெட்டியில் 175 வாட் என்று போட்டிருப்பதை நம்பி வால்யூமை ஏற்றாதே. அது 6 ஓமில், ஒரே ஒரு சேனலை ஓட்டி, பத்து சதவீதச் சிதைவோடு எடுத்த கணக்கு. புத்தகத்தில் 8 ஓம், 80 வாட் என்று இருக்கும், அதுவும் ரெண்டு சேனலுக்கு. அந்த ஹாலுக்கு அது யதேஷ்டம். டிவியில் ஈஆர்க் என்று எழுதிய ஹெச்டிஎம்ஐ துளையில்தானே சொருகியிருக்கிறாய்? டிவியின் சவுண்ட் செட்டிங்கில் பிசிஎம் என்று இருந்தால் பாஸ்த்ரூ என்று மாற்று. இல்லையென்றால் ஐந்து ஸ்பீக்கர் வாங்கி ரெண்டில் கேட்கிற கதைதான்.

இப்போது மைக் விஷயம். ஒரே இடத்தில் அளந்து முடித்துவிட்டேன் என்கிறாய். மைக்கை வைத்து அறையை அளந்து சத்தத்தைச் சரிசெய்கிற அந்த ஆடிசி எட்டு இடம் கேட்கும் தம்பி. முதல் இடம் நீ உட்காரும் இடம். காது உயரத்தில், மைக்கின் முனை கூரையைப் பார்க்க, பெட்டியோடு வந்த அட்டை ஸ்டாண்டிலோ கேமரா டிரைபாடிலோ வை. கையில் பிடிக்காதே, சோபா முதுகில் சாய்க்காதே. ஃபேன், ஏசி இரண்டையும் நிறுத்து. ஸ்பீக்கர்களின் தூரமும் அளவும் அந்த முதல் இடத்தை வைத்துத்தான் கணக்காகும். மற்ற ஏழும் அதைச் சுற்றி ரெண்டு அடிக்குள்.

ரெண்டு அடி என்றால் சோபாவின் இடது பக்கமும் அதற்குள் வந்துவிடும். போட்டோவில் அங்கே துணி மலை போலக் கிடக்கிறது, மேலே ரெண்டு அட்டைப்பெட்டி. அது ஆனந்தி உட்காரும் இடம்தானே? அதைக் காலி பண்ணிவிட்டு அங்கேயும் ஒரு தரம் அளந்து பார்.

அளந்து முடிந்ததும் முன் ஸ்பீக்கர்களை 'லார்ஜ்' என்று காட்டினால் 'ஸ்மால்' ஆக்கி, எதற்குக் கீழே சப்வூஃபர் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வை. ஸ்மால் என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை. கனமான பாஸ் வேலையைச் சப்வூஃபருக்குத் தள்ளிவிட்டால் ரிசீவருக்கு மூச்சு வாங்காது. சப்வூஃபர் மூன்று மீட்டரில் இருக்க, ஆடிசி ஐந்து மீட்டர் என்று காட்டினால் கை வைக்காதே. சப்வூஃபருக்குள் ஏற்படும் தாமதத்தையும் தூரமாகச் சேர்த்துத்தான் சொல்கிறது. ஆனால் சப்வூஃபரின் அளவு -12 என்று வந்தால், அது கடைசி எல்லை, பின்னால் இருக்கும் திருகைக் குறைத்து மறுபடி அள. வசனம் புரியவில்லை என்றாயே, சென்டர் ஸ்பீக்கரைத் தட்டின் விளிம்புவரை இழுத்து, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி வை. அதற்கப்புறமும் போதவில்லை என்றால் 2 டெசிபல் கூட்டு.

பாட்டுக்கு 'ஸ்டீரியோ' போதும். எல்லா ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டை ஓடவிடும் மோடு கல்யாண மண்டபத்துக்கு. சத்தம் குறைவாக வைக்கும்போது பாஸைத் தூக்கிக் கொடுக்கும் டைனமிக் ஈக்யூவைப் போட்டால், அந்தத் தூக்கலைக் குறைக்கும் ரெஃபரன்ஸ் ஆஃப்செட்டைப் படத்துக்கு 0, கச்சேரிக்கு 5 அல்லது 10, இப்போது வரும் சினிமாப் பாட்டுக்கு 15 என்று வை. அந்தப் பாட்டுகளை ஏற்கெனவே நசுக்கிச் சத்தமாக்கித்தான் அனுப்புகிறார்கள். 0-வில் விட்டால் பாஸ் வயிற்றைக் கலக்கும்.

போன வருஷம் ராத்திரியில் சத்தம் அடங்கி இருக்க என்ன வழி என்று கேட்டாய். ஆனந்திக்குக் காலையில் ஆறு மணி ஷிஃப்ட் என்று சொன்னாய். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமப்படுத்தும் டைனமிக் வால்யூமை 'மீடியம்' வைக்கச் சொன்னேன். இப்போது ஒரு மணிக்கு முழு சத்தத்தில் பார்க்கிறேன், யாரும் ஒன்றும் சொல்வதில்லை என்கிறாய். கீழ் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள் இல்லையா? சப்வூஃபரின் அடியில் கனமான ரப்பர் விரிப்பாவது போடு. மறுபடி சொல்கிறேன், ரிசீவருக்கு மேலே ஒரு சாண்.

இதை எழுதலாமா என்று ரெண்டு நாள் யோசித்தேன். நம் பழைய வீட்டு ஹால் 12 அடி நீளம். அந்த நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பாஸ் அலை நிற்கும். நட்ட நடுவில் அது காதில் விழவே விழாது, சுவரோரம் கும்மும். என் நாற்காலி நட்ட நடுவில். அம்மா உட்கார்ந்தது சுவரோரம். எனக்குப் பாஸ் போதவில்லை என்று நான் ஏற்றிக்கொண்டே போனேன், அவள் தலை வலிக்கிறது என்றாள். உனக்குக் காது கிடையாது என்று உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறேன். வீட்டைக் காலி பண்ணுகிற அன்றைக்குத்தான் அவள் இடத்தில் மைக்கை வைத்துப் பார்த்தேன். என் நாற்காலியைவிட 14 டெசிபல் அதிகம். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதும் நான் பாட்டுப் போட்டால் அவள் எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறாள். நாற்காலியை ஒன்றரை அடி பின்னால் தள்ளியிருந்தால் முடிந்திருக்கும்.

அங்கே மழைக்கு முன்னால் இடி பலமாக இருக்கும். மேகம் கூடியதும், இடி தொடங்கும் முன்பே பவர் பிளக்கோடு கேபிள் வயரையும், இன்டர்நெட் வயரையும் கழற்றிவிடு. சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. ஹெச்டிஎம்ஐ போர்டு போனால் மாற்றும் செலவுக்குப் பாதி ரிசீவர் வாங்கலாம்.

தீபாவளி ரயிலுக்கு 60 நாள் முன்னால்தான் முன்பதிவு திறக்கும். காலை எட்டு மணிக்கு நானே இங்கிருந்து போட்டுவிடுகிறேன். எத்தனை டிக்கெட் என்று மட்டும் சொல்.

அப்பா