சசியின் நம்பர் பிளேட்

அன்புள்ள சசிக்கு,

பிரிட்டனில் உன் காருக்கு உன் பெயர்போல வாசிக்கும் பதிவெண் ஒன்று வாங்க, நீ தேர்ந்தெடுத்து அனுப்பிய இரண்டு எண்களையும் பார்த்தேன். "இது வீண் செலவா அப்பா, வெளிப்படையாகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறாய். கேட்ட தோரணையிலேயே, வாங்குவது என்று முடிவு செய்துவிட்டாய் என்பது தெரிகிறது. நானும் தடுக்கப் போவதில்லை. வாங்கு. ஆனால் எந்த எண்ணை, எந்த நினைப்போடு, யார் பெயரில் என்பதில் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கார் விற்கும் ஷோரூமிலேயே பாதி ஆயுளைக் கழித்தவனிடம் கேட்டுவிட்டாய்; இரண்டு வரியில் பதில் வராது.

முதலில் உன் கூச்சத்தைப் பற்றி. பெயரைக் காரில் போட்டுக்கொள்வது புதுப் பணக்காரத்தனம் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். அவருக்கு வரலாறு தெரியாது. நியூயார்க் மாநிலத்தில் 1901இல் வாகனப் பதிவுச் சட்டம் வந்தபோது அரசு எண் எதையும் கொடுக்கவில்லை. உரிமையாளரே தன் பெயரின் முதலெழுத்துகளை வண்டியின் பின்னால் மாட்டிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தோலில் செய்தவர்களும் உண்டு, உலோகத்தில் செய்தவர்களும் உண்டு. அங்கே எண் வந்தது பிறகு. இனிஷியல் வந்தது முன்பு. பிரிட்டனில் 1903ஆம் ஆண்டு மோட்டார் கார் சட்டத்தின்படி, 1904 ஜனவரி முதல் தேதியிலிருந்து எல்லா வண்டிக்கும் எண் கட்டாயமானது. லண்டன் கவுண்டி கவுன்சில் கொடுத்த 'ஏ 1' என்ற எண்ணை ரஸ்ஸல் பிரபு பெற்றார். தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலின் அண்ணன்தான். அந்த எண்ணுக்காக இரவெல்லாம் காத்திருந்தார் என்று சொல்வார்கள். வேகமாக ஓட்டிவிட்டு நழுவுகிறவனை அடையாளம் காண்பதற்காக அரசு மாட்டிவிட்ட தகடு அது. மாட்டிய கையோடு அதிலும் ஒருவர் முதலிடத்துக்கு நின்றிருக்கிறார் என்றால், மனித சுபாவத்தை நீ ஒருத்தி திருத்திவிட முடியாது. இன்னொன்றையும் கவனி: பிரிட்டிஷ் அரசரின் அரசுமுறைக் கார்களுக்கு நம்பர் பிளேட்டே கிடையாது. எல்லோரையும்விட மேலே இருப்பவருக்கு எண்ணே தேவைப்படவில்லை. மற்றவர்கள் எல்லோரும் அந்தப் படிக்குக் கீழேதான் ஒருவரையொருவர் முந்திக்கொண்டிருக்கிறோம்.

விலைக்கு வருவோம். செய்திகளில் வரும் தொகைகளைப் பார்த்துவிட்டு நீயும் ஏதோ புதையல் தோண்டப் போவதாக நினைத்துவிடாதே. 2008இல் எஸ்ஸெக்ஸ் கவுண்டி கவுன்சில் தன்னிடமிருந்த 'எஃப் 1' எண்ணை 4,40,000 பவுண்டுக்கு விற்றது. 2014இல் '25 ஓ' என்ற எண் 5,18,000 பவுண்டுக்குப் போனது. 'ஓ'வைப் பூஜ்யமாக வாசித்தால் ஃபெராரி 250 வகைக் கார் ஒன்றுக்குப் பொருந்தும் என்பதற்காக ஃபெராரி விற்பனையாளர் ஒருவர் வாங்கினார். ஹாங்காங்கில் 2021இல் 'டபிள்யூ' என்ற ஒற்றை எழுத்துக்கு 2.6 கோடி ஹாங்காங் டாலர். துபாயில் 2023இல் 'பி 7' ஐந்தரைக் கோடி திர்ஹாமுக்குப் போய் உலக சாதனை படைத்தது. அது பசித்தவர்களுக்கு உணவளிக்கும் அறக்கட்டளைக்காக நடந்த ஏலம் என்பதால் அதன்மேல் எனக்குக் கோபமும் வரவில்லை.

இந்த எண்களுக்கு மதிப்பு ஏன் என்று கேட்டால் காரணம் எளிது. அவற்றை இனி யாரும் அச்சடிக்க முடியாது. ஒற்றை எழுத்தும் ஒற்றை இலக்கமும் ஒரு பதிவு முறையில் ஒருமுறைதான் வரும். ஆண்டைக் காட்டாத பழைய எண்களும் அப்படித்தான். பிரிட்டனில் அந்த வரிசை, 1963இல் ஆண்டைக் காட்டும் எழுத்தைக் கடைசியில் சேர்க்கும் பின்னெழுத்து முறை வரத் தொடங்கியதோடு படிப்படியாக நின்றுபோனது. ஆனால் இன்று கொடுக்கப்படும் முறையில், ஆண்டுக்கு இரண்டு தடவை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், புதிய எண்கள் மலைபோல வந்து குவிகின்றன. வாகனப் பதிவு அலுவலகமான டி.வி.எல்.ஏ. 1989இலிருந்து இந்த வியாபாரத்தைத் தானே செய்கிறது; சாதாரண எண்களை 250 பவுண்டு அளவிலிருந்தே விற்கிறது. குவிந்து கிடக்கும் பொருளுக்கு விலை ஏறாது.

தரகர்கள் இதை 'முதலீடு' என்பார்கள். அவர்கள் பிழைப்பு அது. ஷோரூமில் நான் கண்டது வேறு. வண்டியைக் கொடுக்க வருகிறவர், "இந்த எண்ணோடு சேர்த்து என்ன விலை தருவீர்கள்?" என்று பெருமையாகக் கேட்பார். அவர் பெயரின் முதலெழுத்தும் அவர் மனைவி பெயரின் முதலெழுத்தும் அவர்கள் கல்யாண ஆண்டும் கலந்த எண் அது. அவருக்கு அது வாழ்க்கை. எங்களுக்கு அது ஏழு எழுத்து. ஒரு எண் எவ்வளவுக்கு எவ்வளவு உனக்கே உரியதாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அவ்வளவு சந்தையில் அதற்கு ஆள் குறைவு. 'எஃப் 1' யாருக்கும் பொருந்தும். அதனால்தான் அந்த விலை. உன் எண்ணுக்கு உலகத்தில் ஒரே ஒரு வாங்குபவர்தான் இருக்கிறார், அது நீ. மலிவாகக் கிடைப்பதும் அதனால்தான். திரும்ப விற்று லாபம் பார்க்கலாம் என்ற எண்ணத்தை இன்றே விட்டுவிடு. அப்புறம் அதை நிம்மதியாக அனுபவிக்கலாம். கார்கள் வரும், போகும். கைமாறும் ஒவ்வொரு தடவையும் விலை சரியும். எண் மட்டும் ஒரு வண்டியிலிருந்து அடுத்ததற்கு உன்னோடு வரும். எனக்கு இந்த வியாபாரத்தில் பிடித்த ஒரே அம்சம் அதுதான்.

இப்போது உன் இரண்டு எண்கள். பழைய எண்தான் கௌரவமானது என்று நீ எழுதியிருக்கிறாய். எஸ்.ஏ.எஸ். என்று தொடங்கி, நடுவில் ஒன்று, கடைசியில் ஓர் எழுத்து. எழுபதுகளின் எண், எழுத்துகள் குறைவு, விலையும் மற்றதைப்போலப் பல மடங்கு. ஆனால் அதைச் சட்டப்படி மாட்டினால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? மூன்று எழுத்துக்குப் பிறகு இடைவெளி விட வேண்டும். உன் பெயர் முறிந்து, 'ஐ'யாக வாசிக்க வேண்டிய ஒன்று மட்டும் அந்தப் பக்கம் போய் விழும்.

சிலர் அங்கேதான் கை வைப்பார்கள். எங்களிடமே வந்து கெஞ்சுவார்கள், "இந்த இடைவெளியைக் கொஞ்சம் ஒட்டிவிடுங்களேன்" என்று. பிரிட்டனில் 2001 செப்டம்பருக்குப் பிறகு செய்யும் எந்தக் கார் பிளேட்டிலும் எழுத்தின் உயரம் 79 மில்லிமீட்டர். ஓர் எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் இடையே 11 மில்லிமீட்டர். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் இடையே 33 மில்லிமீட்டர். எழுத்து வடிவமும் ஒன்றே ஒன்றுதான். அதை மீறினால் 1,000 பவுண்டு வரை அபராதம், எம்.ஓ.டி. என்ற வண்டித் தகுதிச் சோதனையிலும் தேறாது, திரும்பத் திரும்பச் செய்தால் எண்ணையே பறித்துக்கொள்ளலாம்.

இதைவிடக் கெட்டிக்காரத்தனமான வழி ஒன்று உண்டு: திருகாணி. பிளேட்டை இறுக்கும் திருகாணியின் தலையில் ஒரு சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கும், கடுகுப் பொட்டலம்போல ஒன்றுக்கும் பெறாத பொருள். மஞ்சள் பரப்பில் மஞ்சள் மூடி, கறுப்பு எழுத்தில் கறுப்பு மூடி என்று போட்டால் கண்ணுக்கே தெரியாது. அந்தக் கறுப்பு மூடியை இரண்டு ஒன்றுகளுக்கு நடுவே வைத்துவிட்டால் 'ஹெச்' பிறந்துவிடும். பூஜ்யத்தின் ஒரு பக்கத்தில் மஞ்சள் மூடியை வைத்தால் 'சி'. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும். கிட்டே குனிந்து பார்க்கும் போலீஸ்காரருக்கு மட்டும் அது திருட்டுத்தனம். உனக்கு அந்த வேலை வேண்டாம்.

மற்ற எண்ணைப் பார். எஸ், ஏ, ஐந்து, ஒன்று. ஐந்தை 'எஸ்' என்றும் ஒன்றை 'ஐ' என்றும் வாசித்தால் சசி. அதோடு முதல் தொகுதி முடிகிறது. 33 மில்லிமீட்டர் இடைவெளி சரியாக உன் பெயர் முடியும் இடத்தில் வந்து நிற்கிறது! பிறகு வரும் மூன்று எழுத்துகள் உன்னுடையதும் மாப்பிள்ளையுடையதும் குழந்தையுடையதும். சட்டமே உனக்காக இடம் விட்டுக் கொடுத்திருக்கும்போது எதை ஒட்ட வேண்டும், எதை மறைக்க வேண்டும்?

அதில் '51' என்பது 2001 செப்டம்பரில் தொடங்கிய ஆறு மாதத்தைக் குறிக்கும்; உன் புதிய காரைப் பார்க்கிறவர் பழைய கார் என்று நினைக்கலாம். நினைக்கட்டும். இருக்கும் வயதைவிட இளமையாகக் காட்டத்தான் தடை. முதுமையாகக் காட்ட யாருடைய அனுமதியும் வேண்டாம். 'எஸ்.ஏ.' கிளாஸ்கோ அலுவலகத்தின் எழுத்து. உன் கார் ஸ்காட்லாந்தையே பார்த்திருக்காவிட்டாலும் பரவாயில்லை.

அடுத்தது முக்கியம், மேலோட்டமாகப் படித்துவிட்டுப் போகாதே. அந்த எண் ஒருநாளும் உனக்குச் சொந்தமாகாது. நீ வாங்குவது அதை மாட்டிக்கொள்ளும் உரிமையை மட்டும். எண்ணை ஒரு காரில் ஏற்றிவிட்டால், அந்த உரிமை, வண்டியின் பதிவுப் புத்தகமான லாக்புக்கில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் போய்விடும். பணம் யார் கொடுத்தார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உன் கார் லீஸ் கார். லாக்புக்கில் இருப்பது லீஸ் நிறுவனத்தின் பெயர். நீ ஆசையாக வாங்கிய எண்ணை அதில் ஏற்றினால், அவர்கள் எண்ணாகிவிடும். திரும்பப் பெற அவர்கள் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். மாப்பிள்ளையின் காரில் போட்டால் 'சசி' என்ற எண் சட்டப்படி மாப்பிள்ளைக்கு உரியதாகிவிடும். அவர் தங்கமானவர்தான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அதனால் அவசரப்படாதே. எண்ணை வாங்கி, காரில் ஏற்றாமல் உரிமைச் சான்றிதழாகவே வைத்துக்கொள். பத்து ஆண்டு செல்லும். முடியும் நேரத்தில் புதுப்பித்தால் போதும், கட்டணமும் இல்லை. லீஸ் முடிந்து உன் பெயரில் ஒரு கார் வாங்கும்போது ஏற்றிக்கொள்ளலாம். அந்தக் காரை விற்கும் காலம் வந்தால், விற்பதற்கு முன்பே 80 பவுண்டு கட்டி எண்ணை எடுத்து வைத்துவிடு. விற்ற பிறகு எடுக்கலாம் என்று விட்டுவிட்டுப் போனவர்கள் மறுவாரம் எங்கள் மேஜை முன்னால் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்; எண் புது உரிமையாளரோடு போயிருக்கும். விபத்தில் கார் நொறுங்கி இன்சூரன்ஸ் நிறுவனம் அதை எடுத்துக்கொள்ளும் நிலை வந்தாலும் இதேதான். காரை ஒப்படைக்கும் முன், எண் எனக்கு வேண்டும் என்று எழுத்தில் சொல்லிவிட வேண்டும்.

ஒரு சங்கடத்தையும் தெரிந்துகொள். பெயர் எழுதிய காரை யாரும் மறக்க மாட்டார்கள். எங்கே நிறுத்தினாய், எத்தனை மணிக்குக் கிளம்பினாய் என்று தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். குறுக்கே புகுந்து யாரையாவது எரிச்சலூட்டினால், அந்த எரிச்சலுக்கு உன் பெயர்தான் முகவரி. இதற்கு மேலும் போன ஒரு வேடிக்கை லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்தது. 1979இல் ஒருவர் விண்ணப்பத்தில் தனக்கு விருப்பமான இரண்டு சொற்களை எழுதி, மூன்றாவது இடத்தில், அவை கிடைக்காவிட்டால் எதுவும் வேண்டாம் என்ற பொருளில் 'நோ பிளேட்' என்று எழுதினார். அலுவலகம் 'நோ பிளேட்' என்றே அச்சடித்து அனுப்பிவிட்டது. எண் இல்லாத வண்டி எங்கே நின்றாலும் போலீஸ்காரர்கள் சீட்டில் 'நோ பிளேட்' என்றுதான் எழுதுவார்கள். ஆயிரக்கணக்கான அபராதச் சீட்டுகள் அந்த மனிதர் வீட்டுக்கு வந்து சேர்ந்தன.

ஆக, எஸ்.ஏ. 51. பதிவு பெற்ற பிளேட் கடைக்குச் சான்றிதழையும் உன் அடையாள அட்டையையும் எடுத்துப்போக வேண்டும். எதையும் கேட்காமல் செய்து தருகிறேன் என்கிற கடையில் செய்யாதே. நிழல் விழுந்ததுபோல இரண்டு நிறத்தில் எழுத்து வைப்பதும் இப்போது கிடையாது. 2021 செப்டம்பரிலிருந்து புதிய பிளேட்டில் முழுக் கறுப்பு மட்டும்தான். எண் மாறும் அன்றே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குச் சொல்லிவிடு. டார்ட்ஃபோர்டு கிராஸிங் சுங்கக் கணக்கு, லண்டன் நெரிசல் கட்டணக் கணக்கு, அலுவலகப் பார்க்கிங் என்று பழைய எண் எங்கெல்லாம் பதிந்திருக்கிறதோ அங்கெல்லாம் மாற்று. பணம் கட்டும் முன் கடைசி மூன்று எழுத்துகளின் வரிசையை எனக்கு ஒருமுறை அனுப்பு. குழந்தையின் எழுத்து நடுவில் இருக்க வேண்டும் என்று உன் அம்மா சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா