டூரின் சவச்சீலைப் படத்தோடு வந்த துண்டுப்பிரசுரமும் நூலிழையும் பற்றிய புகார்

முகாமையாளர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரில் ஒரு பங்கில் மறையாசிரியராக இருக்கிறேன். இந்தத் தவக்காலத்தில் தரம் 10, 11 பிள்ளைகளுக்குக் கொடுக்க உங்கள் நிறுவனத்திடம் டூரின் சவச்சீலையின், அதாவது இயேசுவின் உடலைச் சுற்றியதாகப் பலர் நம்பும், இத்தாலியின் டூரின் நகரில் இருக்கும் துணியின், பிரேம் போட்ட படங்கள் 18 வாங்கினேன். வெறும் படம் 1,400 ரூபா, ‘மூலச் சீலையின் நூலிழை’ வைத்தது 1,850 ரூபா என்றீர்கள். பெற்றோரிடம் காசு சேர்த்து நூல் வைத்ததையே எடுத்தேன். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

படத்தில் குறையில்லை. அச்சு தெளிவாக இருக்கிறது, ஒரு கண்ணாடிகூட உடையாமல் வந்து சேர்ந்தது. என் புகார் அதோடு வந்த துண்டுப்பிரசுரத்தையும் அந்த நூலையும் பற்றியது.

‘1988 இல் மூன்று ஆய்வுகூடங்கள் இச்சீலை இயேசுவின் காலத்தது என நிரூபித்தன’ என்று துண்டுப்பிரசுரத்தில் போட்டிருக்கிறது. நம்பி வகுப்பில் வாசித்தேன். அடுத்த ஞாயிறு ஒரு பிள்ளை தேடிப் படித்துவிட்டு வந்து, “ரீச்சர், அப்ப நீங்க சொன்னது பொய்யா?” என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டாள். அவள் கேட்டதில் பிழையில்லை. ஒக்ஸ்போர்ட், சூரிக், அரிசோனா ஆய்வுகூடங்கள் பழைய பொருளின் வயதைக் கணிக்கும் காபன் முறையில் சோதித்துச் சொன்ன காலம் 1260க்கும் 1390க்கும் இடைப்பட்டது. நடந்ததை அப்படியே தலைகீழாக அச்சடித்திருக்கிறீர்கள்.

அந்த முடிவை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். சோதனைக்கு வெட்டிய மூலை பிற்காலத்தில் ஒட்டுப்போட்ட பகுதி என்று 2005 இல் ரேமண்ட் ரோஜர்ஸ் என்ற வேதியியலாளர் எழுதினார். வேறு ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். 1978 இல் சீலையை நேரில் ஆராய்ந்த அமெரிக்கக் குழு, இது ஓவியர் வரைந்த உருவமல்ல என்றது. வால்டர் மெக்குரோன் என்ற ஆய்வாளரோ செங்காவியும் சாயமும் கண்டதாக, அதாவது இது வரைந்ததுதான் என்று சொன்னார். இந்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. அதை முடிந்துவிட்டதாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல உங்களுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை.

‘வத்திக்கான் உண்மையென அறிவித்தது’ என்ற வரியும் தவறு. 1998 இல் டூரினுக்குப் போன திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், இது விசுவாசம் சார்ந்த விடயமல்ல, ஆகவே தீர்ப்புச் சொல்லும் தகுதி திருச்சபைக்கு இல்லை, அது அறிவியலாளரின் வேலை என்றே சொன்னார். சந்தேகப்படுகிறவர்கள் எல்லாரும் சபையின் எதிரிகள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பிரான்சில் லிரே என்ற ஊர்க் கோவிலில் வைத்திருந்த இந்தச் சீலையை, யாரோ வரைந்த வேலை என்று 1389 இல் முறையிட்டவர் துருவா மறைமாவட்டத்தின் ஆயர் பியர் தார்சி. ஆயரையும் எதிரி என்பீர்களா?

அப்புறம் அந்த நூல். பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு விரற்கடை நீளம்கூட இல்லை. டூரின் பேராலயத்தில் பூட்டிய பேழைக்குள் இருக்கும் துணியின் நூல் உங்கள் கைக்கு எப்படி வந்தது? உண்மையிலேயே வந்திருந்தாலும், திருப்பண்டங்களை விற்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 1190 தடுக்கிறது. வராத நூலென்றால் அது பிள்ளைகளின் காசில் செய்த ஏமாற்று.

தொலைபேசியில் கேட்டபோது உங்கள் அலுவலர், “மிஸ், சனம் பக்தியோட வாங்குது, இதில என்ன பிழை?” என்றார். அந்தப் பதிலில்தான் எனக்கு மனம் விட்டுப்போனது. சின்ன வயதிலிருந்து பெரிய வெள்ளியில் அந்த முகத்தின் முன் முழந்தாளிட்டவள் நான். இன்றும் அதைப் பார்த்தால் பேச்சு வராது. 1898 இல் செக்கொண்டோ பியா எடுத்த படத்தின் கண்ணாடித் தகட்டில், துணியில் மங்கலாக இருந்த முகம் நெகட்டிவில் துலக்கமாகத் தெரிந்தது. அந்த உருவம் எப்படிப் பதிந்தது என்பதில் இன்றுவரை எல்லாரும் ஒப்புக்கொண்ட விளக்கம் இல்லை. இதை உள்ளபடி எழுதியிருந்தால் என் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்டிருப்பார்கள். 1532 இல் ஷம்பேரியில் தீப்பிடித்து வெள்ளி உருகித் துணியில் விழுந்த துளைகளையும், கிளாரா சபைக் கன்னியர் ஒட்டுப்போட்டுத் தைத்ததையும் சொல்லியிருக்கலாம். எல்லாம் உங்கள் படத்திலேயே தெரிகிறது.

படங்களை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். நூலுக்கென வாங்கிய 450 ரூபா வீதம் 8,100 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் துண்டுப்பிரசுரத்தையும் நூல் வைத்த படங்களையும் விற்பனையிலிருந்து எடுங்கள். தவறு நடந்தது என்று உங்கள் கடிதத்தாளில் எழுதி, ஒப்பமிட்டு அனுப்புங்கள். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடுவேன்.

கடிதம் குருத்து ஞாயிறுக்கு முன் கிடைத்தால் நல்லது. கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையைக் கொண்டே வகுப்பில் வாசிக்க வைக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
மறையாசிரியை,
மட்டக்களப்பு