ஆச்சியைப் பற்றி நீ கேட்டது

இயேசுவுக்கே புகழ்.

தேவகோட்டை,
அக்டோபர் 20.

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். இயேசுவை ஏற்றுக்கொள்ளாமல் இறந்தவர்கள் எல்லாரும் நரகத்துக்குத்தான் போவார்கள் என்று உங்கள் ஊர் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் அடித்துச் சொன்னாராம். அப்படியானால் நம் எதிர்வீட்டு ஆச்சி இப்போது எங்கே என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் முன்னால் இதைப் பேச நான் தயங்கியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நீ பிறந்த நாற்பதாம் நாள் அம்மா டைபாய்டில் படுத்தபோது, ஆச்சி உன்னைத் தம் வீட்டு இரண்டாம் கட்டுக்குத் தூக்கிப்போய் மூன்று வாரம் வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். நகரத்தார் வீடுகளின் பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்துக்கொண்ட கையோடு நம் கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் கொடுத்தனுப்பியவர்கள் அவர்கள். அவர்களை நரகத்தில் வைத்து நினைத்துப் பார்க்க உன்னால் முடியவில்லை என்றாய். என்னாலும் முடியவில்லை. ஆனால் நமக்கு முடியவில்லை என்பதால் மட்டும் ஒரு கோட்பாடு பொய்யாகிவிடாது என்பதால், எனக்குத் தெரிந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

அந்த ஜெபக்கூட்ட மனிதர் புதிதாக எதையும் சொல்லிவிடவில்லை. திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்பது நம் சபையின் பழைய வாக்கியம். 1442ஆம் ஆண்டு பிளாரன்ஸ் பொதுச்சங்கத்தின் ஆணை, சாவதற்குமுன் திருச்சபையில் சேராத பிற சமயத்தாரும் யூதரும் பிரிந்துபோனவர்களும் அணையாத நெருப்புக்கே போவார்கள் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அதை நான் மறைக்கப் போவதில்லை. முத்துக்குளித்துறையில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி மந்திரம் சொல்லிக்கொடுத்த நம் புனித பிரான்சிஸ் சவேரியாரும் அப்படித்தான் நம்பினார். ஜப்பானிலிருந்து திரும்பி 1552இல் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில், அங்கே புதிதாக ஞானஸ்நானம் பெற்றவர்கள், முன்பே இறந்துபோன தங்கள் தாய்தந்தையரை நரகத்திலிருந்து மீட்க வழியுண்டா என்று கேட்டு அழுததையும், வழியில்லை என்று தாம் சொன்னதையும், அவர்கள் அழுகையைக் கண்டு தாமும் துயரப்பட்டதையும் குறித்திருக்கிறார். நீ கேட்ட அதே கேள்விதான், மகளே. ஒரு புனிதர் தாம் கற்ற பாடத்துக்கும் தம் மனம் சொன்னதற்கும் நடுவில் நின்று தவித்திருக்கிறார் என்று படித்தபோது, சவேரியார்மேல் எனக்குப் பாசம் கூடியதே தவிரக் குறையவில்லை.

திருச்சபையும் அதே இடத்தில் நின்றுவிடவில்லை. 1964 நவம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட, திருச்சபை பற்றிய ஏட்டின் 16ஆம் எண்ணை நீ தேடிப் படி. தம் குற்றமின்றியே கிறிஸ்துவின் நற்செய்தியை அறியாமலிருந்தும், நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்று காட்டிய வழியில் அவர் திருவுளத்தை அருளின் துணையால் நிறைவேற்ற முயல்வோர் மீட்படையலாம் என்பது அதன் சாரம். திருமுழுக்கு வேண்டியதில்லை என்று இதற்குப் பொருளில்லை. அந்த மீட்பும் கிறிஸ்து வழியாகவே வருகிறது என்றுதான் சபை சொல்கிறது. நம் ஊருணியை வெட்டியவர் பெயர் தெரியாமலேயே நான் அறுபது ஆண்டு அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கிறேன்; அப்படித்தான் இதை நான் புரிந்துகொள்கிறேன். ஆச்சியிடம் இதைச் சொல்லியிருந்தால், அதுவரை எங்கள் பிள்ளையார் என்ன செய்துகொண்டிருந்தாராம் என்று சிரித்துக்கொண்டே கேட்டிருப்பார்கள்.

அதற்காக, நரகமே கிடையாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் எனக்கு மனம் வரவில்லை. பிறரை நசுக்கி வாழ்ந்தவனுக்கும் நசுங்கிச் செத்தவனுக்கும் முடிவில் கணக்கு ஒன்றுதான் என்றால் அதுவும் நீதியாகாது. லூக்கா 16இல் ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் செல்வந்தனை நினைத்துப் பார். அவன் கொலைகாரன் என்றோ திருடன் என்றோ அங்கே ஒரு சொல்லும் இல்லை. அவன் வாயிலருகே லாசர் என்ற ஏழை புண்ணோடு கிடந்தான், இவன் உள்ளே விருந்துண்டான், அவ்வளவுதான். பெரிய பெரிய முகப்பு வைத்த வீடுகள் நிறைந்த ஊரில் வளர்ந்த எனக்கு அந்த வாயில் நன்றாகத் தெரிகிறது. நெருப்பில் கிடக்கும்போதும் அவன் லாசரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை; தண்ணீர் கொண்டுவர அவனை அனுப்புங்கள் என்று ஆபிரகாமிடம்தான் கேட்கிறான். செத்த பிறகும் லாசர் அவனுக்கு ஏவலாள்தான். கடவுளிடமிருந்து தன்னைத்தானே பிரித்துக்கொள்ளும் நிலையே நரகம் என்று 1992இல் வெளிவந்த நம் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு சொல்வதை இந்த இடத்தில்தான் நான் விளங்கிக்கொண்டேன். எவரையும் நரகத்துக்கென்று கடவுள் முன்குறிப்பதில்லை என்றும் அதே ஏடு சொல்கிறது. ஆனாலும், சில ஆண்டுப் பாவத்துக்கு முடிவில்லாத தண்டனை எப்படி நியாயமாகும் என்று நீ மீண்டும் கேட்டால், என்னிடம் முழு விடை இல்லை. கண் திறந்திருக்கும்போதே ஒருவன் அதைத் தேர்ந்துகொள்வானா என்பது எனக்கும் விளங்காத ஒன்று.

ஒன்று மட்டும் தெரியும். இத்தனை பேரைப் புனிதர் என்று அறிவித்த நம் திருச்சபை, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று இதுவரை ஒருவர் பெயரைக்கூட அறிவித்ததில்லை. திருச்சபையே சொல்லத் துணியாததை ஜெபக்கூட்டத்தில் ஒருவர் பெயர் வைத்துச் சொன்னால் நீ கலங்க வேண்டியதில்லை. அவரோடு வாதாடவும் வேண்டாம். மத்தேயு 25இல் இறுதித் தீர்ப்பின்போது வலப்பக்கம் நிறுத்தப்பட்டவர்கள், ஆண்டவரே, உம்மை எப்போது பசியுள்ளவராகக் கண்டோம் என்று வியந்து கேட்கிறார்கள். எளியவர்களுக்குத் தாங்கள் செய்தது அவருக்கே செய்தது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. அந்தப் பகுதியை மட்டும் ஒருமுறை அந்த ஜெபக்கூட்ட மனிதரோடு சேர்ந்து படி.

இனி அம்மாவின் விஷயம். உனக்கு முன்னால் 1981இல் ஓர் ஆண் குழந்தை பிறந்து மூன்று மணி நேரத்தில் போய்விட்டான் என்பது உனக்குத் தெரியும். யாருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கத் தோன்றவில்லை. ஞானஸ்நானம் இல்லாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் அடக்க முடியாது என்று அன்றைய உபதேசியார் ஒருவர் சொல்லிவிட்டார். மதிலுக்கு வெளியே, இருட்டியபின், நானே குழி தோண்டினேன். அந்தப் பிள்ளை மோட்சத்துக்கும் போகாமல் நரகத்துக்கும் போகாமல் லிம்போ என்ற இடத்தில் இருக்கும் என்று எங்களுக்குச் சொல்லப்பட்டது. அன்று இரவு அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை இருந்தவர்கள் ஆச்சிதான். லிம்போ திருச்சபையின் விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்பட்டதில்லை. ஞானஸ்நானமின்றி இறக்கும் குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என்று உரோமையின் பன்னாட்டு இறையியல் குழு 2007இல் எழுதியது. அதை நான் வாசித்துக் காட்டியபோது அம்மா, இருபத்தாறு வருஷம் கழித்தா, என்று மட்டும் கேட்டாள்.

இது ஜெபமாலை மாதம். ஜெபமாலையில் பத்துப் பத்து மணிகளை உருட்டி முடிக்கும்போதெல்லாம் எல்லாரையும் விண்ணகப் பாதையில் நடத்தும்படி மன்றாடுகிறோம். அந்த எல்லாரிலும் ஆச்சியை விட்டுவிடச் சொல்லி அங்கே எழுதியிருக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் பூசைக்குப் பெயர் எழுதிக் கொடுக்க நேற்றுக் கோவிலுக்குப் போயிருந்தேன். ஆச்சியின் பெயரைப் பார்த்ததும் நோட்டை வைத்திருந்த பையன் தயங்கினான். இறந்தவர் யாருக்காகவும் பூசை வைக்கலாம், எழுதிக்கொள் என்றார் சாமியார். அதற்கு அடுத்த வரியில் உன் அண்ணனுக்காகவும் எழுதச் சொன்னேன். ஞானஸ்நானப் பெயர் என்ன என்று கேட்டான். குழந்தை என்று எழுதிக்கொண்டான்.

இப்படிக்கு,
அப்பா