சூட்டில் செல்ஃப் எடுக்காத பழைய லாரிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சத்தியமங்கலத்தை அடுத்த திம்பம் மலைப்பாதையில் லாரி பழுதாகி நின்று போக்குவரத்து முடங்கியது என்ற செய்தியை அடிக்கடி படிக்கிறோம். 27 கொண்டை ஊசி வளைவுகளில் எந்த வளைவில் நின்றது என்பது வரும். ஏன் நின்றது என்பது வராது. ஆக்சில் முறிவு, பஞ்சர் தவிர இன்னொரு காரணமும் உண்டு. எதிரே வரும் வண்டிக்கு ஒதுங்கி இன்ஜினை அணைத்த பழைய லாரி, மறுபடி எடுக்காமல் அங்கேயே நின்றுவிடுவது. மலையடிவாரத்துப் பன்னாரியில் காலையில் ஒரே அடியில் எடுத்த வண்டிதான் அது.

இந்தக் கோளாறுக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. அணைத்த உடனே அடித்தால் எடுக்கும். பதினைந்து நிமிடம் கழித்து எடுக்காது. ஒன்றரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் எடுக்கும். இன்ஜின் நின்றதும் தண்ணீர் ஓட்டமும் ஃபேன் காற்றும் நின்றுவிடுகின்றன. இன்ஜின் பிளாக்கிலும், புகை வெளியேறும் மேனிஃபோல்டிலும் தேங்கிய சூடு, பக்கத்திலிருக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் (செல்ஃப் என்பது இதுதான்), டீசலை அழுத்தி அனுப்பும் பம்புக்கும் பரவுகிறது. ஓடும்போது இருந்ததைவிட, அணைத்த பிறகுதான் அவை அதிகம் சுடுகின்றன.

பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது புது பேட்டரி போடுவது. அதற்கும் எடுக்காவிட்டால் பம்பைக் கழற்றுவது. இரண்டுக்கும் முன்பு ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: செல்ஃப் மெதுவாகச் சுற்றுகிறதா, அல்லது வேகமாகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்கவில்லையா? முதலாவது மின்சாரப் பக்கம், இரண்டாவது டீசல் பக்கம்.

மெதுவாகச் சுற்றினால் மல்டிமீட்டரை எடுங்கள். சோதனையை வண்டி சூடாக இருக்கும்போதே செய்ய வேண்டும். மறுநாள் காலையில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் காட்டும். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, இன்ஜின் எடுத்துவிடாதபடி டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். முதலில் பேட்டரி முனைகளில் வோல்ட் பாருங்கள். 24 வோல்ட் வண்டியில் 19-க்குக் கீழே போகக் கூடாது. பிறகு மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் ஈயத் தூணிலும் (கிளாம்பில் அல்ல), மறுமுனையை ஸ்டார்ட்டரில் கேபிள் மாட்டும் பெரிய ஸ்டட்டிலும் வைத்து அடியுங்கள். அரை வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட்டைத் தாண்டினால் கேபிளிலோ இணைப்பிலோ கோளாறு. அடுத்தது எர்த்: நெகட்டிவ் தூணுக்கும் ஸ்டார்ட்டர் உடம்புக்கும் நடுவில் அதே சோதனை.

நெகட்டிவ் பக்கத்தைப் பலர் பார்ப்பதே இல்லை. இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது. சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் எர்த் பட்டை அறுந்தால் மின்சாரம் திரும்ப நல்ல வழி இல்லை. சுமை ஏறிய இன்ஜினைச் சுற்றும்போது ஸ்டார்ட்டர் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஓர் ஓமில் ஆயிரத்தில் ஒரு பங்கு தடை இருந்தாலே 0.4 வோல்ட் போய்விடும். அதோடு 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறும் செம்பில் தடை கால் பங்குக்கு மேல் கூடுகிறது. காலையில் தப்பித்த கேபிள் மதியம் கைவிடுவது இதனால்தான். எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்டைச் சுரண்டி, இரும்பு பளிச்சென்று தெரிந்த பிறகு முறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். கேபிள் மாற்றுவதானால் பழையதைவிட மெல்லியது வேண்டாம். கடையில் தடிமனாகத் தெரிவது வெறும் ரப்பர் உறையாக இருக்கலாம். வெட்டிய முனையில் செம்பைப் பார்த்து வாங்குங்கள்.

கேபிள்கள் சரி, பேட்டரியும் 22, 23 வோல்ட் தாங்குகிறது, ஆனாலும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் ஸ்டார்ட்டருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அதற்கு மாறாக, நல்ல பேட்டரியே 17-க்கு இறங்கினால் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து, உள்ளே சுற்றும் ஆர்மெச்சர் உரசுகிறது என்று சந்தேகிக்கலாம். கழற்றினால் ஆர்மெச்சரில் பளபளப்பான உரசல் கோடு தெரியும். புது வெண்கல புஷ்ஷை ஓர் இரவு இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு மாட்டுங்கள். ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தை இணைக்கும் சுவிட்சான சாலினாய்டின் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால், அதன் சின்ன டெர்மினலுக்குச் சாவியிலிருந்து எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்க்க வேண்டும். குறைந்தால், ஸ்டார்ட்டருக்கு அருகில், சாலினாய்டுக்கு நேராக மின்சாரம் தரும் ஒரு ரிலே போதும். சைலன்சர் பைப் பக்கம் ஸ்டார்ட்டர் உள்ள வண்டிகளில், எப்போதோ கழற்றி மூலையில் போட்ட தகட்டு மறைப்பைத் தேடி மாட்டுவதும் வேலைதான்.

இனி டீசல் பக்கம். செல்ஃப் நன்றாகச் சுற்றும்போது சைலன்சரைப் பாருங்கள். புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. முதலில் ஸ்டாப் லீவர்: சூட்டில் கேபிள் இறுகி லீவர் முழுதாகத் திரும்பாமல் நிற்கும், கையால் தள்ளினால் வண்டி எடுத்துவிடும். அது சரியென்றால் கையால் டீசலை ஏற்றும் ஹேண்ட் பிரைமரை அடியுங்கள். இருபது முப்பது அடித்தும் இறுகவில்லை என்றால் எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது மிச்ச டீசலைத் திருப்பி அனுப்பும் ஓவர்ஃப்ளோ வால்வு ஒழுகுகிறது. டீசல் பைப்பை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டின் காப்பர் வாஷரைப் பழையதையே திருப்பிப் போடும் பழக்கம் இதற்குப் பெரிய காரணம்.

பிரைமர் இறுகியும் எடுக்காவிட்டால் பம்பின் உள்தேய்மானம். டீசலை அழுத்தும் பம்ப் எலிமென்ட்டில், ஏறி இறங்கும் பிளஞ்சருக்கும் அதைச் சுற்றிய பேரலுக்கும் உள்ள இடைவெளி சில மைக்ரான்தான். இந்திய தரப்படி டீசலின் பாகுத்தன்மை 40 டிகிரியில் 2 முதல் 4.5 சென்டிஸ்டோக்ஸ், 80 டிகிரியில் ஏறக்குறைய பாதியாகிவிடும். நீர்த்துப்போன டீசல் தேய்ந்த இடைவெளியில் கசிந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலைத் திறக்கும் அழுத்தம் வராது. ஓடும்போது பிளஞ்சர் வேகமாக அடிப்பதால் தெரியாது. செல்ஃப் வேகத்தில்தான் காட்டிக்கொடுக்கும். மண்ணெண்ணெய் கலந்த டீசல் இதை விரைவுபடுத்தும். டேங்கில் டீசல் குறைவாக இருந்தாலும் பம்பிலிருந்து திரும்பும் ரிட்டர்ன் டீசல் சீக்கிரம் சூடேறும்.

ரோட்டரி பம்ப் உள்ள சிறு லாரிகளில் எளிய சோதனை: ஈரத் துணியைப் பம்பின் தலைமேல் போட்டு ஐந்து நிமிடம் கழித்து அடியுங்கள். எடுத்தால் பம்ப் ஹெட் தேய்ந்திருக்கிறது. குடத்துத் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள். வெளிக்கூடு திடீரென்று சுருங்கி உள்ளே ரோட்டார் இறுகிவிடக்கூடும். டீசலில் இன்ஜின் ஆயில் கலந்து ஓட்டுவது சில நாள் பலன் தரும், பிறகு நாசிலுக்குச் செலவு வைக்கும். பம்பின் அதிகபட்ச டீசல் ஸ்க்ரூவைத் திறப்பது அதைவிட மோசம்: கரும்புகையும் கூடுதல் சூடும்தான் மிச்சம்.

பம்ப் கடையில் சோதனை மேசையில் ஓட்டிப் பார்த்து, 'பெஞ்சில் ஓகே' என்று திருப்பிக் கொடுத்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். பெஞ்சில் ஓடுவது 40 டிகிரி அளவில் வைத்த சோதனை எண்ணெய். சூட்டுக் கோளாறு அதில் மறைந்துவிடும். நிமிடத்துக்கு 100 சுற்றில், அதாவது ஸ்டார்ட்டிங் வேகத்தில், ஒவ்வொரு எலிமென்ட்டும் எவ்வளவு கொடுக்கிறது என்று தனியாக எழுதி வாங்குங்கள்.

பைப் நட்டைத் தளர்த்தி டீசல் வருகிறதா என்று பார்ப்பவர்கள் கையை முன்னால் நீட்ட வேண்டாம். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைக்கும். சூடான மேனிஃபோல்டில் சொட்டினால் தீப்பிடிக்கும்.

மலையில் நின்ற வண்டியை இறக்கத்தில் உருட்டி எடுக்கும் பழக்கத்தைக் கிளீனர்களும் டிரைவர்களும் கைவிட வேண்டும். இன்ஜின் ஓடாவிட்டால் பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரசரும் ஓடாது. பிரேக் மிதிக்க மிதிக்க ஏர் இறங்கும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. ஏற்றம் முடிந்து நிறுத்தும்போது மூன்று நிமிடம் ஐடிலில் ஓடவிட்டு அணையுங்கள். கோளாறு உறுதியான வண்டியை, சரிசெய்யும் வரை, வளைவுகளுக்கு நடுவே அணைக்கவே வேண்டாம்.

இப்படிக்கு,
லாரி மெக்கானிக் ஒருவர்,
சங்ககிரி.